நிரப்ப வேண்டிய கட்டம்

ஹாலிவுட் படங்களில் கல்யாணக் காட்சி என்றால் நமக்கு என்னவெல்லாம் ஞாபகம் வரும்? சர்ச், வெள்ளை கவுன், மோதிரம், 'யாருக்காவது ஆட்சேபணை உண்டா?' என்று பாதிரியார் கேட்கிற கேள்வி, கரெக்டாக அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவரும் பழைய காதலன். இவ்வளவும் காட்டுவார்கள். ஆனால், இதற்கெல்லாம் முன்னால் அந்த ஜோடி ஓர் அரசாங்க ஆபீஸுக்குப் போய், ஃபாரம் நிரப்பி, ஃபீஸ் கட்டி, லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். அதைப் பெரும்பாலும் காட்ட மாட்டார்கள்.

ஆமாம், லைசென்ஸ்தான். கார் ஓட்ட லைசென்ஸ், மீன் பிடிக்க லைசென்ஸ் என்பது மாதிரி அமெரிக்காவில் கல்யாணம் செய்துகொள்ளவும் லைசென்ஸ். அதைக் கொடுப்பவர் பெரும்பாலும் கவர்னரோ நீதிபதியோ இல்லை. உள்ளூர் கிளார்க். கவுன்ட்டி என்று அங்கே சொல்வதை ஏறக்குறைய நம்மூர் தாலுகா என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராமப்புற கவுன்ட்டி என்றால் வயல், காடு, அங்கங்கே வீடுகள், நடுவில் ஒரு சின்ன டவுன், டவுனில் ஒரு கோர்ட் கட்டடம். உள்ளே ஒரு நீள மேஜை. மேஜைக்குப் பின்னால் கிளார்க். கிளார்க்குக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாக யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று எழுதி வைத்த தடித்தடி ரிஜிஸ்டர்கள்.

அந்த மேஜை இல்லையென்றால் கதையே இல்லை என்கிற ஒரு படம் இருக்கிறது. 2016-ல் வந்த 'லவ்விங்'. இயக்குநர் ஜெஃப் நிக்கோல்ஸ். அருமையான படம். ஆனால், அதிலும் கேமரா அந்த மேஜை முன்னால் போய் நின்று நிதானமாகப் பார்ப்பதில்லை. படம் பிடித்துப் போனதால்தான் இந்தக் குறை உறுத்துகிறது. மோசமான படத்தில் எது இருந்தால் என்ன, எது இல்லாவிட்டால் என்ன!

முதலில் கதை.

'லவ்விங்' என்பது காதலைச் சொல்ல வைத்த தலைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கதாநாயகனின் குடும்பப் பெயரே அதுதான். ரிச்சர்ட் லவ்விங். வெள்ளைக்காரர். செங்கல் அடுக்கிச் சுவர் எழுப்பும் கொத்தனார். அவர் காதலித்த பெண் மில்ட்ரட் ஜீட்டர். கறுப்பின, செவ்விந்திய வம்சாவளி. ஊர், வர்ஜீனியா மாநிலத்தின் கரோலைன் கவுன்ட்டியில் சென்ட்ரல் பாயின்ட் என்கிற குக்கிராமம். 1958 ஜூன் 2-ம் தேதி இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். மாப்பிள்ளைக்கு 24 வயது, பெண்ணுக்கு 18. ஆனால், கல்யாணம் நடந்தது சொந்த ஊரில் அல்ல. நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து தலைநகர் வாஷிங்டனுக்குப் போய் அங்கே லைசென்ஸ் வாங்கி முடித்துக்கொண்டார்கள். சொந்த மாநிலத்தில் அவர்களுக்கு லைசென்ஸ் கிடைக்காது. வெள்ளையர் ஒருவர் வெள்ளையர் அல்லாதவரைக் கல்யாணம் செய்வது வர்ஜீனியாவில் கிரிமினல் குற்றம்.

ஊர் திரும்பினார்கள். கல்யாண சர்ட்டிஃபிகேட்டைச் சுவரில் மாட்டினார்கள். ஐந்து வாரம்கூட முழுசாக நிம்மதியாக இருந்திருப்பார்களா தெரியாது. ஜூலை 11-ம் தேதி, ஊர் உறங்கும் நடுச்சாமத்துக்கு மேல், ஷெரீஃப் இரண்டு ஆட்களோடு படுக்கையறைக்குள்ளேயே வந்துவிட்டார். டார்ச் வெளிச்சம். 'யார் இந்தப் பெண்?' 'அவர் மனைவி' என்றார் மில்ட்ரட். ரிச்சர்ட் பேசவில்லை. சுவரைக் காட்டினார். 'அதெல்லாம் இங்கே செல்லாது' என்றார் ஷெரீஃப். இருவரையும் அள்ளிக்கொண்டு போய் ஜெயிலில் போட்டார்கள்.

1959 ஜனவரியில் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஒரு வருஷச் சிறை. மாநிலத்தை விட்டு வெளியேறி, 25 வருஷத்துக்கு ஜோடியாகத் திரும்பி வராமல் இருந்தால் தண்டனை நிறுத்திவைக்கப்படும் என்றார் நீதிபதி லியான் பசீல். சொந்த ஊரை விட்டு வாஷிங்டனில் குடித்தனம். 1963-ல் மில்ட்ரட், அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் சிவில் உரிமைகள் சங்கத்துக்குக் கை காட்டினார். பெர்னார்ட் கோஹன், ஃபிலிப் ஹிர்ஷ்காப் என்று இரண்டு இளம் வக்கீல்கள் கேஸை எடுத்தார்கள். 1967 ஜூன் 12-ம் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட், ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், இந்த மாதிரிச் சட்டங்கள் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அன்றைக்கு 16 மாநிலங்களில் அப்படிப்பட்ட சட்டம் உயிரோடு இருந்தது.

வேறொரு இயக்குநராக இருந்தால் இந்தக் கதையை எப்படி எடுத்திருப்பார்? கோர்ட் சீன். மேஜையைத் தட்டும் வக்கீல். கண்ணைத் துடைத்துக்கொள்ளும் ஜூரி. பின்னணியில் வயலின் கூட்டம். நிக்கோல்ஸ் இது எதையும் செய்யவில்லை. சுப்ரீம் கோர்ட் வாதம் நடந்த அன்று லவ்விங் தம்பதி நிஜத்திலும் கோர்ட்டுக்குப் போகவில்லை. 'நான் என் மனைவியை நேசிக்கிறேன், அதை மட்டும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்' என்று வக்கீலிடம் சொல்லி அனுப்பியதோடு சரி. அதனால் படமும் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. ஜெயித்த சேதி ஒரு டெலிபோன் அழைப்பில் வருகிறது. செங்கல் அடுக்குவது, சமைப்பது, குழந்தைகள் விளையாடுவது என்று அன்றாட வேலைகளிலேயே படம் நகர்கிறது. ரிச்சர்டாக ஜோயல் எட்ஜர்ட்டன். படம் முழுக்க அவர் பேசிய வசனத்தை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம் போலிருக்கிறது. மில்ட்ரடாக ரூத் நெகா. கண்ணாலேயே முக்கால்வாசி வேலையை முடித்துவிடுகிறார். ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வரை போன நடிப்பு. 'லைஃப்' பத்திரிகைக்காக கிரே வில்லெட் எடுத்த புகழ்பெற்ற போட்டோ ஒன்று உண்டு. மனைவி மடியில் தலைவைத்து டி.வி. பார்த்துச் சிரிக்கிற கணவன். அந்தப் போட்டோ பிறந்த நிமிஷத்தைப் படத்தில் பார்க்கும்போது, ஒரு நாட்டின் சட்டத்தை உடைத்தது இந்தச் சிரிப்புதானோ என்று தோன்றிவிடுகிறது.

இவ்வளவு நல்ல படத்தில் என்னய்யா குறை என்கிறீர்களா?

வில்லன். படத்தில் கண்ணுக்குத் தெரியும் வில்லன் ஷெரீஃப்தான். முறைக்கிறார், மிரட்டுகிறார். ராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு வருகிறார். பார்க்கிற நமக்கு ரத்தம் கொதிக்கிறது. கூடவே ஒரு நிம்மதியும் வந்துவிடுகிறது: நல்லவேளை, அந்த மாதிரி ஆட்கள் இப்போது இல்லை! தியேட்டரை விட்டு வெளியே வரும்போது தப்பு அந்த ஆளின் மேல் என்று முடிவாகிவிடுகிறது. ஆனால், ஷெரீஃப் வெறும் டெலிவரி பாய். சரக்கு தயாரானது வேறு இடத்தில், வெகு நாகரிகமாக, குரலை உயர்த்தாமல், இங்க் பேனாவால்.

அந்த இடம்தான் நான் சொன்ன மேஜை.

1924-ல் வர்ஜீனியா சட்டசபை 'இனத் தூய்மைச் சட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வெள்ளையர் என்றால் யார்? வேறு எந்த இனத்தின் ரத்தமும் ஒரு துளிகூட இல்லாதவர். ஒரே ஒரு விதிவிலக்கு: பதினாறில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ செவ்விந்திய ரத்தம் இருந்தால் பரவாயில்லை. ஏன் அந்தச் சலுகை? வர்ஜீனியாவின் பெரிய மனிதர் வீடுகள் பலவற்றில், போக்கஹான்டஸ் என்கிற செவ்விந்திய இளவரசி எங்கள் பாட்டி என்று பெருமையடிப்பது வழக்கம். சட்டத்தை அப்படியே போட்டால் அவர்களே வெள்ளையர் இல்லை என்று ஆகிவிடுமே! தூய்மைக்கும் செல்வாக்குக்கும் மோதல் வந்தால் எது ஜெயிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இந்தச் சட்டத்தை அமல்படுத்தப் போலீஸ் படை எதையும் அமைக்கவில்லை. தேவைப்படவும் இல்லை. கல்யாண லைசென்ஸ் கொடுக்கும் கிளார்க்கிடம் ஒப்படைத்தார்கள். ஆணும் பெண்ணும் தங்கள் நிறம் பற்றிச் சொல்வது உண்மைதான் என்று கிளார்க்குக்குத் திருப்தி ஏற்படும்வரை லைசென்ஸ் தரக் கூடாது. அவ்வளவுதான். அதாவது, இன்டர்மீடியட் மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஓர் உள்ளூர் மனிதர் உங்கள் முகத்தைப் பார்த்து, உங்கள் அப்பா பெயரைக் கேட்டு, பழைய ரிஜிஸ்டரைப் புரட்டி, நீங்கள் யார் என்று முடிவு செய்வார்.

எந்த ரிஜிஸ்டர்? அங்கேதான் அடுத்த ஆள் வருகிறார். டாக்டர் வால்ட்டர் பிளெக்கர். 1912 முதல் 1946 வரை வர்ஜீனியாவின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகள் முழுக்க அவர் கையில். மாநிலத்தில் செவ்விந்தியர் என்று தனியாக யாரும் மிச்சமில்லை, அப்படிச் சொல்லிக்கொள்பவர்கள் எல்லோரும் கறுப்பின ரத்தத்தை மறைத்து வெள்ளையர் ஆகப் பார்ப்பவர்கள் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. கிளார்க்குகளுக்கும், மருத்துவச்சிகளுக்கும், பள்ளிக்கூடங்களுக்கும் ஓயாமல் கடிதம் எழுதினார்.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் பதிவியலில் முதலில் சொல்லித் தரும் விஷயங்களில் ஒன்று: எழுதிய எண்ட்ரியில் கை வைக்காதே. தப்பு இருந்தால் தனியாகத் திருத்தக் குறிப்பு எழுது, அதற்கு ஆதாரமாக வவுச்சர் வை. பிளெக்கரும் திருத்தக் குறிப்பு எழுதினார். பிறப்பு சர்ட்டிஃபிகேட் நகல் கேட்டு வருபவர்களுக்கு, முன்பக்கம் இருப்பதை அப்படியே கொடுத்துவிட்டு, பின்பக்கத்தில், இதில் இனம் தப்பாகப் பதிவாகியிருக்கிறது, இவர் வெள்ளையரும் இல்லை, செவ்விந்தியரும் இல்லை என்கிற எச்சரிக்கையைச் சேர்த்து அனுப்பினார். வவுச்சர்? நூறு வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒரு வரிப் பட்டியலில் யாரோ ஒரு தாத்தா பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருந்த 'கலர்ட்' என்கிற ஒற்றைச் சொல். அந்தக் காலத்தில் வெள்ளையர் அல்லாத எல்லோருக்கும், செவ்விந்தியர் உட்பட, அந்தச் சொல் பொது. அது அவருக்குப் பொருட்டே இல்லை.

இது எப்படி வேலை செய்தது என்று பார்க்க ராக்பிரிட்ஜ் கவுன்ட்டிக்குப் போக வேண்டும். அதே வர்ஜீனியாவின் மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் கிராமப்புறம்.

சட்டம் வந்த அதே 1924. இலையுதிர் காலத்துக்குள் அங்கே இரண்டு பெண்களுக்கு, ஒருவர் பின் ஒருவராக, கிளார்க் லைசென்ஸ் மறுத்தார். இருவரும் கட்டிக்கொள்ள இருந்தது வெள்ளைக்கார மாப்பிள்ளைகளை. இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். நீதிபதி இருவருக்கும் ஒருவரே, ஹென்றி ஹோல்ட். முதல் கேஸில் பிளெக்கர் நேரில் வந்து பழைய பதிவேடுகளை விரித்துச் சாட்சி சொன்னார். பெண் தோற்றார். கொஞ்ச நாளில் இரண்டாவது கேஸ். இந்தத் தடவை ஹோல்ட் யோசித்தார். வேறு ரத்தம் ஒரு துளிகூட இல்லை என்று இந்த உலகத்தில் யாரால் நிரூபிக்க முடியும்? பல நூற்றாண்டு பின்னால் போனால் எல்லோருக்கும் ஆயிரக்கணக்கில் பாட்டன்மார். அத்தனை பேருக்கும் யார் உத்தரவாதம்? பெண்ணுக்கு லைசென்ஸ் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

மேல் முறையீடு செய்தார்களா? இல்லை. போனால் சட்டமே அடிபட்டுப் போகலாம் என்று சட்டத்தின் ஆதரவாளர்களுக்குப் பயம். சத்தம் போடாமல் விட்டுவிட்டார்கள். விட்டார்கள் என்றால், கோர்ட்டில்தான் விட்டார்கள். 1943-ல் பிளெக்கர், எல்லா கவுன்ட்டி அதிகாரிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அந்தந்த கவுன்ட்டியில் எந்தெந்தக் குடும்பப் பெயர்களைச் சந்தேகப்பட வேண்டும் என்று கவுன்ட்டிவாரியாகப் பட்டியல். ராக்பிரிட்ஜுக்கும் உண்டு. அதில், 19 வருஷத்துக்கு முன்னால் கோர்ட்டில் ஜெயித்த அந்தப் பெண்ணின் குடும்பப் பெயரும் இருந்தது.

தீர்ப்பு ஒரு பக்கம், ரிஜிஸ்டர் ஒரு பக்கம். நீதிபதி ஒரு தடவை பேசுவார். ரிஜிஸ்டர் தினமும் பேசும்.

இதைத் தெரிந்துகொண்டு இப்போது மறுபடி அந்தச் சுவரைப் பாருங்கள். ரிச்சர்ட் மாட்டிய சர்ட்டிஃபிகேட். படத்தில் அதை ஓர் அப்பாவி நம்பிக்கையின் அடையாளமாகக் காட்டுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால், சட்டத்தின் கண்ணில் அது என்ன? வர்ஜீனியாவில் இருந்த இன்னொரு பிரிவு, வெளி மாநிலத்துக்குப் போய்க் கல்யாணம் முடித்துத் திரும்பி வந்து குடித்தனம் நடத்துவதைத் தனிக் குற்றமாக வைத்திருந்தது. ஒன்று முதல் ஐந்து வருஷம் வரை சிறை. லவ்விங் தம்பதி மேல் போட்ட கேஸ் அந்தப் பிரிவில்தான். அதாவது, 'நாங்கள் முறையாகக் கல்யாணம் ஆனவர்கள்' என்று அவர்கள் காட்டிய அதே காகிதம்தான் அவர்களுக்கு எதிரான சாட்சி. கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்ந்தவர்கள் மேல் இந்தக் கேஸைப் போட்டிருக்கவே முடியாது. ரசீதைக் காட்டியதற்காகத் திருடன் என்று பிடித்துப் போகிற கூத்து!

இந்த விபரீதம் படத்தில் சரியாக வரவில்லை. 'செல்லாது' என்று ஷெரீஃப் சொல்வதோடு காட்சி நகர்ந்துவிடுகிறது. செல்லாத காகிதம் என்றுதான் நாமும் நினைத்துக்கொள்கிறோம். அது அவர்களுக்குச் செல்லாது. அரசாங்கத்துக்கு நன்றாகவே செல்லும்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் நாசூக்கானது. மில்ட்ரட் யார்? உலகத்துக்கு அவர் கறுப்பினப் பெண். வரலாற்றுப் புத்தகங்களிலும் அப்படித்தான். ஆனால், அவர் பிற்காலத்தில் தன்னைச் செவ்விந்தியர் என்றே சொல்லியிருக்கிறார். 1958-ல் வாஷிங்டனில் வாங்கிய லைசென்ஸிலும் அவர் பெயருக்கு நேராக இருப்பது 'செவ்விந்தியர்' என்பதுதான். படம் இதைத் தொட்டும் தொடாமலும் போகிறது. ஏன் என்று புரிகிறது. வெள்ளை, கறுப்பு என்றால் கதை நேராகப் போகும். மூன்றாவதாக ஒன்று வந்தால் சிக்கல்.

ஆனால், அந்தச் சிக்கல்தான் விஷயமே. அந்தப் பெண் ஒன்று சொல்கிறார், ஊர் ஒன்று சொல்கிறது, ரிஜிஸ்டர் ஒன்று சொல்கிறது. வர்ஜீனியாவின் ராப்பஹனாக், மொனாக்கன் போன்ற பழங்குடியினர், நாங்கள் இன்னும் இருக்கிறோம் என்று மத்திய அரசின் அங்கீகாரம் கேட்டுப் போனபோது, தலைமுறை தலைமுறையாக ஆவணம் காட்டச் சொன்னார்கள். கோர்ட் அலமாரிகளில் பாட்டன் பூட்டன் கல்யாணப் பதிவுகளைத் தேடினால் அங்கே பிளெக்கரின் கைவண்ணம். இருக்கிற ஆளை ஏட்டில் இல்லாமல் ஆக்கிவிட்டுப் பிறகு ஏட்டைக் கொண்டுவா என்றால் எப்படி? கடைசியில் பாராளுமன்றமே தனிச் சட்டம் போட்டு, 2018 ஜனவரியில்தான் ஆறு குழுக்களுக்கு அங்கீகாரம் கிடைத்தது. பிளெக்கர் 1947-லேயே செத்துப் போயிருந்தார். அவர் எழுதியவை 70 வருஷம் வேலை பார்த்தன.

'இதெல்லாம் பழங்கதை, ஒரு கட்டத்தில் எதை எழுதினால் என்ன சார், சும்மா ஃபார்மாலிட்டி' என்று நீங்கள் சொல்லக்கூடும். அதற்கும் ராக்பிரிட்ஜிலேயே பதில் இருக்கிறது.

2019. லவ்விங் தீர்ப்பு வந்து 52 வருஷம். படம் வந்தே மூன்று வருஷம். ஒரு ஜோடி அதே ராக்பிரிட்ஜ் கவுன்ட்டியில் லைசென்ஸ் வாங்கப் போகிறது. யார் யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்பதற்குத் தடை எதுவும் இல்லை. ஆனால், ஃபாரத்தில் அந்தக் கட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது: இனம். நிரப்ப மாட்டோம் என்றால் லைசென்ஸ் கிடையாது. என்ன எழுதலாம் என்பதற்கு உதவியாக 200-க்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலும் உண்டு. அதில் 'ஆரியன்' இருக்கிறது, 'மூர்' இருக்கிறது, எட்டில் ஒரு பங்கு கறுப்பின ரத்தம் என்று அர்த்தமாகும் 'ஆக்டோரூன்' இருக்கிறது! அடிமைச் சந்தையின் வார்த்தை, இருபத்தோராம் நூற்றாண்டு கவர்ன்மென்ட் ஆபீஸில்.

மூன்று ஜோடிகள் சேர்ந்து கேஸ் போட்டார்கள். கேஸ் போட்ட சூட்டிலேயே, விருப்பம் இல்லாவிட்டால் நிரப்ப வேண்டாம் என்று மாநில அட்டர்னி ஜெனரல் இறங்கி வந்தார். அக்டோபரில் நீதிபதி, கட்டாயப்படுத்துவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார். 2020-ல் அந்தக் கேள்வியையே சட்டத்திலிருந்து எடுத்தார்கள்.

அந்தப் பட்டியலை நீட்டியது மிரட்டும் ஷெரீஃப் அல்ல என்பதைக் கவனியுங்கள். ஓர் ஆபீஸ். 'ரூல்ஸ் அப்படி' என்கிற இரண்டே வார்த்தை. சட்டம் செத்த பிறகும் அதன் ஃபாரம் சாகவில்லை. ஏனென்றால் ஃபாரத்தை யாரும் வில்லனாகப் பார்ப்பதில்லை. சினிமாக்காரர்கள் உட்பட!

நியாயமாக ஒரு கேள்வி கேட்கலாம். நிக்கோல்ஸ் எடுத்தது காதல் படம். ஆவணப்படம் அல்ல. பிளெக்கரையும் சுற்றறிக்கையையும் உள்ளே கொண்டுவந்தால் அந்த அமைதி கெட்டுப் போகாதா? கெடும். ஒப்புக்கொள்கிறேன். 2011-ல் நான்சி பியூர்ஸ்கி இதே தம்பதியைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இருக்கிறது, விவரம் வேண்டுபவர்கள் அதைப் பார்க்கலாம். நான் கேட்பது பாடம் அல்ல. ஒரே ஒரு ஷாட். இந்தப் படத்தின் பலமே அன்றாடத்தைப் பொறுமையாகப் பார்ப்பதுதானே? செங்கல் மேல் செங்கல் வைப்பதை அவ்வளவு நேரம் காட்டியவர், ஃபாரத்தில் ஒரு கட்டத்துக்கு எதிரே பேனா தயங்கி நிற்பதைப் பத்து விநாடி காட்டியிருக்கலாம். அந்த 18 வயசுப் பெண், 'நீ யார்?' என்று கேட்கிற கட்டத்தைப் பார்க்கிறார். எழுதுகிறார். ஒரு வார்த்தை வசனம் வேண்டாம். ரூத் நெகாவின் கண்கள் போதும். அந்தப் பத்து விநாடி இருந்திருந்தால் ஷெரீஃபின் டார்ச் வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறது என்று நமக்குப் புரிந்திருக்கும்.

படம் தயாராகிக்கொண்டிருந்த காலத்திலேயே இது செய்தியாகவும் இருந்தது. 2015 ஜூனில் ஒரே பாலினத்தவர் திருமணத்தை அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அங்கீகரித்தது. லவ்விங் தீர்ப்பைத்தான் அங்கேயும் அடித்தளமாக எடுத்துக்கொண்டார்கள். உடனே கென்டக்கி மாநிலத்தில் ரோவன் என்கிற கிராமப்புற கவுன்ட்டியின் கிளார்க் கிம் டேவிஸ், என் மத நம்பிக்கை இடம் தராது என்று யாருக்குமே லைசென்ஸ் கொடுக்க மறுத்துவிட்டார். செப்டம்பரில் ஐந்து நாள் ஜெயிலுக்கும் போய் வந்தார். தலைநகரத்தில் சுப்ரீம் கோர்ட் எழுதிய தீர்ப்பு, கடைசியில் ஒரு மேஜையில் வந்து மாட்டிக்கொண்டு நின்றது. லைசென்ஸ் கேட்டு வந்தவர்கள் அந்த மேஜைக்கு எதிரே நின்றார்கள். உலகம் முழுக்க டி.வி.யில் பார்த்தது.

ரிச்சர்ட் லவ்விங் 1975-ல் கார் விபத்தில் இறந்தார். குடித்துவிட்டு வந்த ஒருவன் மோதினான். அதே விபத்தில் மில்ட்ரட் ஒரு கண்ணை இழந்தார். வேறு கல்யாணம் செய்துகொள்ளாமல், ரிச்சர்ட் கட்டிய வீட்டிலேயே, 2008 மே மாதம் இறக்கும்வரை வாழ்ந்தார். எந்த கவுன்ட்டியிலிருந்து துரத்தினார்களோ அதே கவுன்ட்டியில்.

இன்றைக்கு அதே கரோலைன் கவுன்ட்டியில் கல்யாண லைசென்ஸ் வாங்குவது மிகச் சுலபம். கோர்ட் கிளார்க் ஆபீஸுக்கு இருவரும் போக வேண்டும். 30 டாலர் ஃபீஸ். காத்திருக்க வேண்டியதில்லை, கையோடு கிடைக்கும். 60 நாளைக்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும். ஃபாரத்தில் பெயர், வயசு, ஊர் எல்லாம் கேட்பார்கள். அந்த ஒரு கட்டம் கிடையாது.

'லவ்விங்' படத்தை அவசியம் பாருங்கள். ஷெரீஃபைத் திட்டிக்கொண்டே பாருங்கள், தப்பில்லை. ஆனால், சுவரில் அந்த சர்ட்டிஃபிகேட் வரும்போது மட்டும் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, அதை எழுதிய பேனாவையும், எழுத மறுத்த பேனாக்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் எடுக்காமல் விட்ட ஷாட் அது.